முதுகு காட்டி நிற்கும் அம்மன்

மயிலாப்பூரில் ஏரி இல்லை. கோயில் குளம் இருக்கிறது, குளத்தைச் சுற்றி மாட வீதிகள் இருக்கின்றன, வீதிகளில் நடக்க இடமில்லாத அளவுக்கு வண்டிகள் இருக்கின்றன. ஏரி மட்டும் இல்லை. மலேசியாவிலிருந்து விமானம் ஏறி வந்து, லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

"மயிலாப்பூர் ஏரிக்கரை, மதகடி, சடையம்மா." அப்பா எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்கள் இவை. ஊர் எது, இடம் எது, குலதெய்வம் எது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு. ஒருவரும் கேட்டதில்லை. இப்போது நானே போய்க் கேட்டால், பூக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏரியா? கொளம் அதோ கீது பாரு" என்று கையைக் காட்டுகிறார்.

நாங்கள் கேமரன் மலையில் கோஸும் தக்காளியும் பயிரிடுகிற குடும்பம். என் பூட்டன், அதாவது அப்பாவின் தாத்தா, பெயர் சடையன். சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர். எங்கள் பள்ளத்தாக்கில் முதல் மண்வெட்டி விழுந்தது அவர் கையால்தான். காட்டை வெட்டி, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து, சரிவைப் படிப்படியாக வெட்டி மண்ணை நிறுத்தினார். அந்த மண்ணில்தான் இன்றும் சாப்பிடுகிறோம். அந்த நிலத்துக்கான உரிமத்தை மட்டும் இன்றும் வருடா வருடம் புதுப்பிக்கிறோம். நிலம் திருத்தியவனுக்கு நிலம் இல்லை என்பது எந்த நாட்டிலும் புதுச் செய்தி அல்ல. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அந்த வரிசையில் நிற்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பூட்டன் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியருகே ஒரு கல்லை நட்டு, தன் கையாலேயே செதுக்கினார். அதுதான் எங்கள் சடையம்மா. அவள் முகம் தொட்டியைப் பார்த்திருக்கும். நாங்கள் நிற்பது அவள் முதுகுக்குப் பின்னால். மதகைக் காக்கிற அம்மனுக்குக் கண் தண்ணீர் மேல்தான் இருக்க வேண்டும், கரைக்குக் கீழே வயலில் நிற்கிற குடியானவன் முதுகைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும் என்பது பூட்டன் சொன்ன முறை. முதுகில் ஒரு நீளச் சடை செதுக்கியிருக்கிறார். அந்தச் சடை பாதியில் நின்றுவிடும். "மீதி எப்படி முடியுதுன்னு நெனப்பில்ல. ஊருக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து முடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்து, போகாமலே செத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாமி உங்களோடு கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிறதா என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பிள்ளையின் முதல் முடி சடையம்மாவுக்கு. இதுவரை எல்லாரும் தோட்டத்துக் கல்லுக்கு முன்னால்தான், அதாவது பின்னால்தான், கொடுத்தோம். இந்தத் தடவை அப்பா அடம் பிடித்தார். தம்பியின் பேத்தி பூவிழிக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி, இடுப்பைத் தாண்டிச் சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. தலைவார உட்காரவைத்தால் பள்ளத்தாக்கே அதிரும். "இந்தப் பிள்ளையோட முடியாவது ஆதிக் கோயில்ல எறங்கட்டும். நீ மொதல்ல போய் எடத்தப் பாரு. நாங்க பின்னால வர்றோம்லா" என்றார் அப்பா. எண்பதைத் தாண்டியவர், அவருக்குப் பயணம் செய்ய இன்னும் எத்தனை நாள் உடம்பு இடம் கொடுக்கும் என்று தெரியாது. அதனால் வந்தேன்.

மத்தியானம் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். கோஸ் பொரியல் வைத்தார்கள். இலையில் விழுந்ததுமே தெரிந்தது, வெயிலில் ரெண்டு நாள் கிடந்த கோஸ். ஆனால் அதைத் தேங்காய் போட்டு வதக்கியிருந்த கையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பறித்த அன்றே வதக்கினாலும் இந்த ருசி வருவதில்லை. இந்த எண்ணம்கூட எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எதிரே ஒரு வயதான தம்பதி. நான் பரிமாறுகிறவரிடம் ஏரியைப் பற்றிக் கேட்டதை அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏரி இங்க இல்லம்மா. மாம்பலம் பக்கம் பெரிசா ஒரு ஏரி இருந்துதாம். அதுக்குத்தான் மயிலாப்பூர் ஏரின்னு பேரு. எங்காத்துல மாமனார் சொல்லிண்டே இருப்பார். அதத் தூத்துட்டுத்தான் தியாகராய நகரே கட்டினா."

"அப்ப ஏரியே இல்லையாம்மா?"

"ஏரிக்கு மேலதான் எல்லாரும் பட்டுப்புடவை வாங்கிண்டிருக்கோம்" என்றார் அவர் கணவர், மோரை ஊற்றிக்கொண்டே.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஏரியையே தூர்த்துவிட்டார்களாம், அதைச் சொல்லிவிட்டு மோர் சாதம் பிசைகிறார்கள். என் பூட்டன் தண்ணீர் பாய்ச்சிய ஏரி. அவர் ஏன் கப்பலேறினார் என்று எங்களுக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை. அந்த மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, தண்ணீரோடு இதற்கு ஏதோ சம்பந்தம் இருக்க வேண்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அடுத்த நாள் அடையாறு. சடையனுக்கு ஒரு தம்பி இருந்தார். அந்தத் தம்பியின் கொள்ளுப்பேரன் ராஜனை, கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்தில் என் தம்பி சந்தித்து நம்பர் வாங்கி வைத்திருந்தான். எனக்கு அண்ணன் முறை. போனில் பேசியபோது வரச் சொன்னார். பழம் வாங்கிக்கொண்டேன். எங்கள் மலைத் தேயிலையும் கொஞ்சம் பெட்டியில் இருந்தது.

ஆட்டோக்காரர் அடையாறு பாலத்தைத் தாண்டும்வரை ஒரு தொகை சொன்னார், தாண்டியதும் வேறு தொகை சொன்னார். "நீ அட்ரஸ் உள்ள கீதுன்னு சொல்லவே இல்லியேமா." மரங்கள் அடர்ந்த அமைதியான தெரு. என் கோபத்துக்கு அந்த நிழல் நன்றாகத்தான் இருந்தது.

"வாங்க மேடம், வாங்க. ஃப்ளைட் எல்லாம் வசதியா இருந்துதா?" என்றார் ராஜன்.

மேடம். நான் "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறேன், அவர் மேடம் என்கிறார். கூடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். குடும்ப நண்பர் என்று அறிமுகம் செய்தார்கள். அந்த நண்பர் என் அப்பா பிறந்த வருடம், என் தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், யாரிடமாவது பழைய பத்திரம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். காபி வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. வக்கீல்.

ராஜனுடைய மனைவி காபியை நீட்டினார். நல்ல காபி. சுவரில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் பெரிய படம். "எங்க கொள்ளுத்தாத்தா. மாம்பலத்துல மொதமொதல்ல ஏர் பூட்டினது எங்க ஃபேமிலிதான்" என்றார் ராஜன். பெருமையாகத்தான் சொன்னார்.

"அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாருல்லண்ணே, சடையன்னு?"

"இருந்தார்னு சொல்வாங்க. சின்ன வயசிலேயே தவறிட்டார். வாரிசு கிடையாது."

"நான்தான்ணே வாரிசு. உங்க வீட்டுக் காபியக் குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "இப்ப நிறைய பேர் வெளிநாட்ல இருந்து வர்றாங்கம்மா. அந்தக் காலத்துல கூலிக்குப் போனவங்க ஊர்ப் பேரு, சாமி பேரு எல்லாம் கலந்து கட்டிச் சொல்லிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கையில் இருந்த டம்ளரை வைத்தேன். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டது. கூலிக்குப் போனவர் என்பதில் எனக்கு வெட்கம் இல்லை. அதை அந்த ஆள் சொன்ன விதத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. நிலத்துக்காகத்தான் இந்தப் பயம் என்று நினைத்து, நேராகவே பேசினேன். எங்களுக்கு இங்கே ஒரு பிடி மண்ணும் வேண்டாம், நாங்கள் எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், சடையம்மா கோயில் எங்கே என்று மட்டும் சொல்லுங்கள், ஒரு குழந்தைக்கு முடி இறக்க வேண்டும் என்றேன்.

வக்கீலின் முகம் தெளிந்தது. ராஜனின் முகம் தெளியவில்லை. அப்போது அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"அப்படி ஒரு கோயிலே இல்ல மேடம். நாங்க எல்லாருமே திருப்பதிக்குத்தான் முடி குடுக்கறோம். நீங்களும் அங்கயே குடுத்துடலாமே, ரொம்ப விசேஷம்" என்றார்.

வாசலில் பித்தளைப் பலகையில் அவர் பெயர். எஸ். ராஜன் என்று இருந்தது. எஸ் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி, "சடையப்பன், எங்க மாமனார்" என்று சொல்லிவிட்டார். ராஜன் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. தேயிலைப் பொட்டலத்தை நான் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சின்னத்தனம்தான். ஆனால் வருத்தம் இல்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு தியாகராய நகர் போகிறேன் என்றேன். பின்னால் பூவிழி அலறுவது கேட்டது. சீப்பு வேளை.

தியாகராய நகரில் காலை முழுக்க அலைந்தேன். சடையம்மாவா என்று கேட்டவர்கள் என்னைச் சவுரிச் சடை விற்கிற கடைக்கு அனுப்பினார்கள். பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் நாலு பேர் நான் எந்த ஊர் என்று கேட்டார்கள், ஒருவர்கூட நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பிறகு மழை பிடித்தது. சாதாரண மழையில்லை. வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. ஓர் ஆட்டோவைப் பிடித்து மயிலாப்பூருக்கே திரும்பிவிடலாம் என்று ஏறினேன். பாதி வழியில் தண்ணீர் முழங்கால் அளவு. வண்டி இருமிவிட்டு நின்றுவிட்டது.

"இன்னாமா பண்றது, சைலன்சர்ல தண்ணி பூந்துகிச்சு. எறங்கிக்கமா. நான் தள்ளிக்கினு போறேன்."

"இவ்வளவு சீக்கிரமா தண்ணி நிக்குது?"

"ஏரில வூடு கட்டுனா தண்ணி நிக்காம இன்னா பண்ணும்? வருசா வருசம் இதே ரோதனதான்."

ஒரு நகைக்கடைப் படியில் ஏறி நின்றேன். காவலாளி ஒதுங்கி நிற்கச் சொன்னார். நான் நகரவில்லை. எல்லாரும் தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் நிற்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நிற்கவில்லை. தேநீர்க் கோப்பைகளும் கோயில் மாலை ஒன்றும் மெதுவாக ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. மழை பெய்தால் தோட்டத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று. மதகு என்பது கரையின் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கும். ஏரியைத் தூர்க்கலாம், தெரு போடலாம், ஆனால் சரிவை அவ்வளவு லேசில் மாற்ற முடியாது. இது சரியான கணக்கு என்று சத்தியம் பண்ண மாட்டேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மாலைக்குப் பின்னால் நடந்தேன். எங்கே சாக்கடை மூடி திறந்து கிடக்கிறதோ என்று ஒவ்வொரு அடியையும் காலால் தடவிப் பார்த்து வைத்தேன். இரண்டு திருப்பம் கடந்து, நந்தனம் பக்கமாக ஒரு சந்து இறங்கியது. சந்தின் கடைசியில், தண்ணீருக்கு மேலே உயர்ந்த படிகளோடு, பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய ஒரு சின்னக் கோயில். முகப்பில் "ஸ்ரீ சகல சௌபாக்கிய நாயகி அம்மன்" என்று எழுதியிருந்தது. இது இல்லை போல என்று திரும்பி நடக்கப் போனேன். அப்போது பக்கத்துச் சுவரில், மழையில் அடித்துக்கொண்டிருந்த பேனரைப் பார்த்தேன்.

பேனரில் ராஜன். தலையில் பட்டுப் பரிவட்டம், கழுத்தில் மாலை, இரண்டு கையும் கூப்பியபடி. ஆடித் திருவிழா முதல் மரியாதை என்று போட்டிருந்தது.

என் வாழ்க்கையில் நான் நிறையக் கோபப்பட்டிருக்கிறேன். உரத்தில் கலப்படம் செய்தவனிடம், காட்டை வெட்டி மண்ணை எங்கள் தோட்டத்துக்குள் சரியவிட்டவனிடம். ஆனால் இவ்வளவு கோபம் வந்தது அன்றுதான்.

பூசாரி ஒரு பெண். தேவகி என்று பெயர். நனைந்து நின்ற என்னைப் பார்த்து ஒரு துண்டு கொடுத்தார். பேனரைக் காட்டி யார் என்று கேட்டேன்.

"அவங்கதான் மூத்த வூடு. பரிவட்டம் அவங்களுக்குத்தான் கட்டணும். அவங்க தாத்தாவுக்குத் தாத்தாவோ இன்னாவோ, அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாராம், வாரிசு இல்லாம பூட்டாராம். அதனால இவங்களுக்கு வந்துச்சு. அந்த அண்ணன் வழில யாரானா இருந்தா இவங்களுக்கு ஏது?"

அப்போதுதான் விளங்கியது. நிலம் வேண்டாம் என்று நான் சொன்னபோது வக்கீல் முகம் ஏன் தெளிந்தது, ராஜன் முகம் ஏன் தெளியவில்லை என்று. அவருக்கு என்னிடம் பயம் நிலத்துக்காக இல்லை. வருடத்தில் ஒரு நாள் தலையில் சுற்றுகிற ஒரு முழத் துணிக்காக. அது மூத்தவர் வழிக்குப் போக வேண்டியது. எங்கள் அப்பாவின் தலைக்கு. அந்தத் துணிக்காக ஒரு மனிதனைச் சின்ன வயதிலேயே சாகடித்து, எங்கள் அத்தனை பேரையும் பிறக்காமலே செய்துவிட்டார்கள்.

"அம்மனுக்கு வேற பேரு எதுவும் இருந்துச்சாம்மா?"

"பழைய ஆளுங்க சடையாத்தான்னு சொல்வாங்களாம். கும்பாபிசேகம் பண்ணப்ப மாத்திட்டாங்க. அப்ப அம்மா மேற்கால, ஏரி இருந்த பக்கம் பாத்துக்கினு இருந்துச்சாம். கெழக்கப் பாத்தாதான் விசேசம்னு இந்த ராஜன் சாரோட அப்பா காலத்துலயே அவங்க வூட்லதான் செலவு பண்ணித் திருப்பி வச்சாங்க. நான் வர்றதுக்கு முன்னாடி."

உள்ளே வரச் சொன்னார். அம்மன் வெள்ளிக் கவசத்தில் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. சுவருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. தேவகியிடம் கேட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டேன்.

ஈரக் கல். எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு விரலுக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னல் தட்டுப்பட்டது. தோட்டத்துக் கல்லில் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை தடவிய அதே பின்னல். எங்கள் பின்னல் நின்றுபோகிற இடத்தில் இது நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போனது. குனிந்து, தோள்பட்டை சுவரில் உரச, கடைசிவரை தடவிப் பார்த்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"பின்னாடி இன்னாமா கீது?" என்றார் தேவகி. அவர் கையைப் பிடித்து நானே உள்ளே வைத்தேன். "அட, ஆமா" என்றார், ரொம்ப மெதுவாக.

படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பரிவட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "சரி, மேல சொல்லு" என்றார். அம்மனைத் திருப்பிவிட்டார்கள் என்றதும் கத்தினார். "மூஞ்சியத் திருப்பிட்டானுங்களா? எவன் குடுத்த அதிகாரம்?"

"அப்பா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்க வராதீங்க. நம்ம தொட்டிக்கிட்டயே முடி எறக்குங்க. பூட்டன் முறைப்படி நிக்கிற சடையம்மா இப்ப அங்கதான் இருக்கா, இங்க இல்ல."

"அது நீ எடுக்கிற முடிவு இல்ல" என்றார். கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அப்பாவிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கலாம். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

"கடைசிவர தடவிப் பாத்தியா?"

"பாத்தேன்பா."

"எப்படி முடியுது?"

சொன்னேன். அவர் என்னைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு உளியை எடுத்து வரச் சொல்வது கேட்டது.

நான் விமானம் ஏறும் நாளன்று தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கல், தண்ணீரைப் பார்த்தபடி. கல்லுக்கு இந்தப் பக்கம் பூவிழி, மொட்டைத் தலையில் சந்தனம், அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். வெட்டும்போது அழவே இல்லையாம். சீப்பு இனி இல்லை என்று புரிந்துகொண்டிருப்பாள். சடையின் மேல்பாதி கறுத்துப்போன பழைய பின்னல், அதற்குக் கீழே இப்போது செதுக்கிய கல் வெள்ளையாகத் தொடங்குகிறது. முடிகிற இடத்தைக் குழந்தையின் தலை மறைத்திருந்தது.

அந்தப் படத்தை அப்படியே ராஜனுக்கு அனுப்பினேன். "அண்ணே, பரிவட்டத்தை நீங்களே கட்டிக்குங்க. உங்க வீட்ல சுவத்துப் பக்கம் திருப்பி வச்சது இதைத்தான்" என்று மட்டும் எழுதினேன். பார்த்துவிட்டார். விமானத்தில் ஏறச் சொல்லிக் கூப்பிடும்போதுதான் பதில் வந்தது. முதல் தடவையாக மேடம் இல்லை.

"அம்மா முதுகுல சடை இருக்கா? எனக்குத் தெரியாதும்மா. போட்டோல கீழ மறைஞ்சிருக்கே, அது எப்படி முடியுது?"

நான் பதில் போடவில்லை. சுவருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் இருக்கிறது. போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.